தோற்றுப்போன துப்பாக்கிகள் – ஒரு பொறியியல் பாடம்

– இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவர், மடுகரை

முன்னுரை

துப்பாக்கி என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சினிமாதான். கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருப்பார். குண்டு தீரவே தீராது. துப்பாக்கி ஒரு தடவைகூட மக்கர் பண்ணாது. ஆனால் மெக்கானிக்கல் படிக்கிற நாம் துப்பாக்கியை அப்படிப் பார்க்கக் கூடாது. அதுவும் ஒரு இயந்திரம். அதிலே பிஸ்டன் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது, கேம் இருக்கிறது, கிளியரன்ஸ் இருக்கிறது. நாம் ஒர்க்‌ஷாப்பில் படிக்கிற எல்லாமே அதிலே இருக்கிறது.

நன்றாக ஓடிய இயந்திரத்தைப் பற்றிப் புத்தகத்தில் நிறைய படிக்கிறோம். ஓடாத இயந்திரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் "எதிர்காலத்தின் துப்பாக்கி" என்று பெரிய எதிர்பார்ப்போடு பிறந்து, வாங்கியவர்களிடம் தோற்றுப்போன இரண்டு துப்பாக்கிகளைப் பார்க்கப் போகிறோம். ஒன்று அமெரிக்காவின் ஜைரோஜெட். மற்றொன்று நம் நாட்டின் இன்சாஸ். இந்த இன்சாஸ் நம் பக்கத்துத் திருச்சியிலும் செய்யப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். ஒன்று சீக்கிரமே தோற்றது, மற்றது தோற்பதற்கு இருபது வருஷம் ஆனது. ஏன் இந்த வித்தியாசம் என்பதே கேள்வி.

1. துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

முதலில் அடிப்படை. தோட்டாவின் பின்புறத்தில் ஊசி அடித்ததும் உள்ளே இருக்கிற மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம் குண்டைக் குழலின் வழியே வெளியே தள்ளுகிறது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ராணுவத் துப்பாக்கிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. குழலின் ஓரிடத்தில் சின்னத் துளை போட்டு, கொஞ்சம் வாயுவை மேலே உள்ள சிலிண்டருக்குள் விடுவார்கள். அந்த வாயு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்து போல்ட்டும் பின்னால் போகும். போகிற வழியில் காலி உறையை இழுத்து வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ளும். வருகிற வழியில் மேகசினிலிருந்து புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் அடைக்கும்.

நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் வேகம் என்றால் இந்த முழு வேலையும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிய வேண்டும். இதில் எந்த ஒரு பாகம் தாமதித்தாலும், மாட்டிக்கொண்டாலும், துப்பாக்கி நின்றுவிடும். வயலில் மோட்டார் நின்றால் கரண்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். எதிரி முன்னால் நிற்கும்போது துப்பாக்கி நின்றால் பார்த்துக்கொள்ள நேரம் கிடையாது.

2. ராக்கெட் துப்பாக்கி – ஜைரோஜெட்

1960-களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில், ராபர்ட் மெயின்ஹார்ட், ஆர்ட் பீல் என்ற இரண்டு பேர் சேர்ந்து "எம்.பி. அசோசியேட்ஸ்" என்ற கம்பெனியை நடத்தினார்கள். அவர்களுக்கு ஒரு புதுமையான யோசனை. குண்டைத் துப்பாக்கி எதற்குத் தள்ள வேண்டும்? குண்டே ஒரு குட்டி ராக்கெட்டாக இருந்தால் அது தானாகப் பறந்து போகுமே! அப்படிப் பிறந்ததுதான் 13 மி.மீ. ஜைரோஜெட் கைத்துப்பாக்கி.

ராக்கெட்டின் பின்புறத்தில் சாய்வாகச் சின்னஞ்சிறு துளைகள். அவற்றின் வழியே வாயு வெளியேறும்போது ராக்கெட் சுழன்றுகொண்டே முன்னேறும். துப்பாக்கிக்குள் பெரிய அழுத்தம் இல்லை. ஆகவே கனமான எஃகு தேவையில்லை, லேசான உலோகமே போதும். பின்னுதைப்பு ஏறக்குறைய இல்லை. 1967-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட இது இடம் பெற்றது. எதிர்காலம் வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடத்தை எடுப்போம். ராக்கெட்டின் மருந்து எரிந்து முடியும்போது அது ஏறக்குறைய 18 மீட்டர் தூரம் போயிருக்கும். அப்போது வேகம் வினாடிக்குச் சுமார் 380 மீட்டர். முடுக்கம் சீரானது என்று வைத்துக்கொண்டால்:

வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம்
380 × 380 = 2 × முடுக்கம் × 18
முடுக்கம் = சுமார் 4000 மீ/வி²

சரி, குழலின் நீளம் 12.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ராக்கெட் குழலைவிட்டு வெளியே வரும்போது வேகம் என்ன? 2 × 4000 × 0.125 = 1000. அதன் வர்க்கமூலம் சுமார் 32. அதாவது வினாடிக்கு 32 மீட்டர்தான்! மணிக்கு 115 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் வேகப்பந்து இதைவிட வேகமாக வரும். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் இந்தத் துப்பாக்கியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கைத்துப்பாக்கி என்பதே கிட்டத்தில் பயன்படுத்தத்தானே? எதற்காக வாங்குகிறோமோ அந்த இடத்திலேயே அது பலவீனமாக இருந்தது.

அடுத்த சிக்கல் அந்தத் துளைகள். ஒரு துளை கொஞ்சம் அடைத்திருந்தாலோ, அளவு மாறியிருந்தாலோ ராக்கெட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான ராக்கெட்டுகளில் எல்லாத் துளைகளையும் ஒரே மாதிரி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று டிரில்லிங் மெஷினில் நின்ற நமக்குத் தெரியும். குறி தவறியது, சில ராக்கெட்டுகள் பற்றவே இல்லை. விலையோ அந்தக் காலத்தில் சுமார் 250 டாலர். சாதாரணக் கைத்துப்பாக்கி அதைவிடக் குறைந்த விலைக்குக் கடையில் கிடைத்தது. ராக்கெட் குண்டின் விலையும் சாதாரணக் குண்டைவிட அதிகம். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக அளவை 12 மி.மீ. ஆக மாற்றியும் பார்த்தார்கள். மக்கள் வாங்கவில்லை. கதை முடிந்தது. இன்று அது பழம்பொருள் சேகரிப்பவர்களிடம்தான் இருக்கிறது.

3. இன்சாஸ் பிறந்த கதை

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். நம் ராணுவத்திடம் நீண்ட காலம் இருந்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. பெல்ஜியத்தின் வடிவமைப்பை ஒட்டி மேற்கு வங்காளத்தின் இஷாபூரில் செய்யப்பட்டது. நீளம் அதிகம், கனம் அதிகம், ஒவ்வொரு குண்டாகத்தான் சுடும். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தபோது, எதிரில் இருந்தவர்களிடம் ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் இருந்தன. புதிய துப்பாக்கியின் அவசியம் அங்கே வெட்டவெளிச்சமானது.

அதற்குள்ளாகவே, 1980-களில், புனாவில் உள்ள ஏ.ஆர்.டி.இ. என்ற ஆயுத ஆராய்ச்சி நிலையம் "இந்திய சிறு ஆயுத அமைப்பு" என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் சுருக்கம்தான் இன்சாஸ். உண்மையிலேயே அது ஒரு முன்னேற்றமான யோசனை. ரைஃபிள், இலகுரக இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் ஒரே 5.56 மி.மீ. தோட்டா; பாகங்களும் இயன்றவரை பொதுவானவை. ஸ்டோர்ஸ் பாடம் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தோட்டாவைச் சின்னதாக்கியதிலும் கணக்கு இருக்கிறது. 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்றின் எடை சுமார் 24 கிராம். 5.56 மி.மீ. தோட்டா சுமார் 12 கிராம். அதே கனத்துக்கு ஒரு ஜவான் இரண்டு மடங்கு தோட்டா சுமக்கலாம்.

இன்சாஸ் வடிவமைப்பில் உலகத்தின் நல்ல அம்சங்கள் பலவற்றையும் எடுத்துச் சேர்த்தார்கள். பிஸ்டனும் சுழலும் போல்ட்டும் ரஷ்யாவின் ஏ.கே. மாதிரி. வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் பெல்ஜியத்தின் மாதிரி. இடதுபக்கக் கைப்பிடி ஜெர்மனியின் மாதிரி. 20 தோட்டா பிடிக்கும் மேகசின், உள்ளே எத்தனை தோட்டா மீதி என்று பார்க்கும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. ட்ரிகரை ஒரு முறை அழுத்தினால் மூன்று குண்டு மட்டும் பாய்ந்து நிற்கும் ஏற்பாடும் உண்டு.

ஆனால் கால தாமதம் பெரிய சோதனையானது. துப்பாக்கி தயாரான பிறகும் உள்நாட்டில் தோட்டா போதவில்லை. இஸ்ரேலிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. 1998 குடியரசு தின அணிவகுப்பில்தான் நாடு இன்சாஸைப் பார்த்தது. இஷாபூர், கான்பூர், நம் திருச்சி நவல்பட்டு ஆகிய இடங்களில் உள்ள அரசுத் தொழிற்சாலைகளில் உற்பத்தி நடந்தது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டது. மடுகரையிலிருந்து விழுப்புரம் போய் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கம்.

4. கார்கிலும் காளிகோட்டும்

1999 மே முதல் ஜூலை வரை கார்கில் போர். சண்டை நடந்தது 5000 மீட்டர் உயரத்தை ஒட்டிய சிகரங்களில். அங்கிருந்து வந்த புகார்கள் இவை: துப்பாக்கி மாட்டிக்கொள்கிறது; குளிரில் மேகசின் விரிசல் விடுகிறது; மூன்று குண்டு நிலையில் வைத்தால் சில நேரம் நிற்காமல் சுட்டுக்கொண்டே போகிறது; சுடும்போது எண்ணெய் தெறித்து ஜவானின் கண்ணில் படுகிறது.

புகார்களுக்குப் பிறகு திருத்தங்கள் செய்யப்பட்டன. இதற்கிடையில் நேபாள ராணுவமும் இன்சாஸ் வாங்கியிருந்தது. 2005 ஆகஸ்டில் காளிகோட் மாவட்டத்தில் இருந்த ராணுவ முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கினார்கள். சண்டை சுமார் 10 மணி நேரம் நீடித்தது. நேபாள வீரர்கள் 43 பேர் இறந்தார்கள். துப்பாக்கிகள் சரியாக இயங்கவில்லை என்று நேபாள ராணுவம் சொன்னது. முறையாகப் பயன்படுத்தாததுதான் காரணம், பயிற்சி தரத் தயார் என்று இந்தியத் தரப்பு சொன்னது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நீண்ட நேரம் சுட்டால் துப்பாக்கி சூடேறும், கரி படியும், எண்ணெய் காயும். அந்த நிலையிலும் ஓட வேண்டும் என்பதுதான் ராணுவத் துப்பாக்கியின் அடிப்படைத் தேவை.

5. பாகம் பாகமாகப் பார்த்தால்

(அ) மேகசின்: அதன் மேல்வாய் உதடுகள்தான் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துகின்றன. அங்கே விரிசல் விட்டால் தோட்டா கோணலாக நிற்கும், போல்ட் வந்து மோதி மாட்டிக்கொள்ளும். வெயிலில் வளைகிற பிளாஸ்டிக், கடுங்குளிரில் கண்ணாடி மாதிரி உடையும் தன்மை அடைகிறது. மார்கழிப் பனிக்கே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிற நம் ஊரில் இது தெரியவே தெரியாது.

ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 மி.மீ. நீளமுள்ள பாகம் 40 டிகிரி வெயிலிலிருந்து மைனஸ் 20 டிகிரிக்குப் போகிறது. வித்தியாசம் 60 டிகிரி. எஃகின் விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. ஆகவே சுருக்கம் 0.07 மி.மீ. சாதாரண பிளாஸ்டிக் வகைகளுக்குப் பத்து லட்சத்தில் 80 பங்கு என்று வைத்தால் சுருக்கம் 0.48 மி.மீ. எஃகுக்குள் உட்காரும் பிளாஸ்டிக் பாகத்தின் ஃபிட் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்!

(ஆ) மூன்று குண்டு ஏற்பாடு: எண்ணிக்கை வைக்க ஒரு ராட்செட் தேவை. ராட்செட்டின் பல் தேய்ந்தாலோ, நாக்கு சரியாக விழாவிட்டாலோ எண்ணிக்கை தவறும். பாகம் அதிகமானால் கெட்டுப்போகும் இடமும் அதிகமாகும். இது சைக்கிளுக்கும் பொருந்தும், துப்பாக்கிக்கும் பொருந்தும்.

(இ) கிளியரன்ஸ்: ஏ.கே. துப்பாக்கியின் பெயர் பெற்ற குணமே அதன் தாராளமான கிளியரன்ஸ்தான். மண்ணும் கரியும் புகுந்தாலும் பாகங்கள் அசைய இடம் இருக்கும். அதன் மாதிரியை எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. எந்த இடத்தில் இறுக்கம், எந்த இடத்தில் தளர்வு என்ற ஞானத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதையும் ஆயிரமாவது துப்பாக்கி வரை ஒரே மாதிரி காப்பாற்ற வேண்டும். டிராயிங்கில் உள்ள டாலரன்ஸ் வெறும் எண். அதைக் காப்பாற்றுவது லேத்தில் நிற்பவரும், கேஜ் பிடிப்பவரும்தான்.

6. ஒன்றுக்குச் சீக்கிரம், மற்றதற்கு ஏன் இருபது வருஷம்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஜைரோஜெட்டை வாங்க வந்தவருக்குப் பக்கத்து அலமாரியில் வேறு துப்பாக்கி இருந்தது. பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே அதன் குறை உடனே கம்பெனிக்குத் தெரிந்தது, நஷ்டமாகத் தெரிந்தது.

இன்சாஸை யார் வாங்கினார்? அரசாங்கம். யார் செய்தார்? அரசாங்கம். யார் பயன்படுத்தினார்? ஒரு கிராமத்திலிருந்து போன ஜவான். அவருக்குக் கடை கிடையாது, வேறு அலமாரி கிடையாது. கையில் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். வாங்குபவருக்கு வேறு வழி இல்லாத இடத்தில் பொருளின் குறை சீக்கிரம் வெளியே தெரிவதில்லை. தெரிகிற அன்று அது பண நஷ்டமாக மட்டும் இருப்பதில்லை.

வேறு வழி கிடைத்ததும் என்ன நடந்தது? குடும்பத்தின் மூன்றாவது பிள்ளையான கார்பைனை ராணுவம் ஏற்கவே இல்லை. 2014-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை இன்சாஸுக்குப் பதில் ஏ.கே. வேண்டும் என்று கேட்டது. அடுத்த ஆண்டே ஒரு பகுதி மாற்றப்பட்டது. "எக்ஸ்காலிபர்" என்ற மேம்படுத்திய ரகம் வந்தும் ராணுவத்தின் அடுத்த துப்பாக்கியாக அது தேர்வாகவில்லை. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தமானது. அதன் அளவு மறுபடியும் பழைய 7.62 மி.மீ. தான்! 2021 டிசம்பரில் ரஷ்யாவின் ஏ.கே. 203 துப்பாக்கி 6 லட்சத்துக்கும் மேல் உத்தரப் பிரதேசம் அமேதியில் உள்ள கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தமானது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்சாஸை மொத்தமாகக் குப்பை என்று தள்ளுவது சரியல்ல. நம் நாட்டில் வடிவமைத்து, நம் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் செய்து, பல படைகள் பல்லாண்டு பயன்படுத்திய துப்பாக்கி அது. அதிலே கற்ற பாடம் வீணல்ல. ஆனால் அந்தப் பாடத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

7. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"நாம என்ன துப்பாக்கியா செய்யப் போறோம்?" என்று கேட்கலாம். செய்தாலும் செய்வோம். திருச்சியில் அப்ரண்டிஸாகச் சேர நம்மில் எத்தனையோ பேருக்கு ஆசை இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நாட்டின் 41 அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. திருச்சித் தொழிற்சாலை அவற்றில் ஒன்றின்கீழ் வருகிறது. இனி தானாக ஆர்டர் வரும் என்று உட்கார முடியாது, போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும்.

துப்பாக்கி வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆக்சிஜன் வால்வு, பஸ்ஸின் பிரேக் டிரம், குடிநீர்த் தொட்டியின் பைப் ஜாயின்ட், பள்ளிக்கூடத்துக் கூரையின் போல்ட். இவற்றைப் பயன்படுத்துகிறவர் யாரும் இவற்றைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் வால்வின் கம்பெனி பெயரைக் கேட்பதில்லை. நம் அப்பா அம்மா எல்லாம் இப்படிக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட ஜனங்கள்தானே?

பொறியாளர் டிராயிங் போடுவார், அதிகாரி கையெழுத்துப் போடுவார். இரண்டுக்கும் நடுவில், பாகத்தைக் கையில் எடுத்து "கோ" பக்கம் நுழைகிறதா, "நோ கோ" பக்கம் நிற்கிறதா என்று பார்க்கும் இடம் டிப்ளமோ படித்தவருடையது. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வேண்டும் என்று அவசரம் வரும். "கொஞ்சம்தானே கூடுது, விட்டுடு" என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் வேறு வழியில்லாத அந்த ஆளுக்காகப் பேச அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ரிஜெக்ட் என்று எழுதும் பேனா நம் கையில்தான் இருக்கும்.

முடிவுரை

ஆகவே நண்பர்களே, புதுமை மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றாது என்பதை ஜைரோஜெட் காட்டுகிறது. உலகத்தின் நல்ல அம்சங்களை ஒன்றாகச் சேர்த்தால் மட்டும் நல்ல பொருள் ஆகிவிடாது என்பதை இன்சாஸ் காட்டுகிறது. செய்கிற ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எந்த வெயிலிலும் எந்தக் குளிரிலும் ஓட வேண்டும், பயன்படுத்துகிறவரின் புகார் செய்தவர் காதுக்குச் சீக்கிரம் வர வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் வெர்னியரைக் கையில் எடுக்கும்போது கடைசிக் கோட்டையும் சேர்த்துப் படியுங்கள்.